வாசலில் காத்திருக்கும் உயிர்கள்



இலக்கியத் தொடரிலே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். அனர்த்தம் நேர்ந்த இடங்களிலே விடுபட்டுப்போன வளர்ப்புப் பிராணிகளை மீட்பதும், அவற்றை உரியவர்களிடம் மீண்டும் சேர்ப்பதும் பற்றியதே இவ்வுரை. இது மிருக வைத்தியரும் அனர்த்த முகாமைத்துவ அதிகாரியும் பேசவேண்டிய விடயமல்லவா, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். அவர்கள் பேசவேண்டியதை அவர்கள் பேசட்டும். நம்முடைய கதைகள் இதுபற்றி ஏற்கெனவே பேசியிருக்கின்றன என்பதை நினைவூட்டுவது என் வேலை.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததும் நம் மேடைகளிலே கேட்டுப் பழகிய செய்திகள். அவை கொடையின் கதைகள். கொடுக்க நிறைய உள்ளவன் கொடுத்த கதைகள். நான் இன்று எடுத்துக்கொள்வது எல்லாவற்றையும் இழந்து நடப்பவனின் கதை.

மகாபாரதம் ஒரு நாயோடு தொடங்கி ஒரு நாயோடு முடிகிறது என்றால் மிகையாகாது. தொடக்கத்திலே, சனமேசயன் வேள்வி செய்யும் இடத்துக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அது எதையும் நக்கவில்லை, எதையும் பார்க்கவுமில்லை. ஆயினும் அரசனின் தம்பியர் அதை அடித்து விரட்டுகின்றனர். தாய்நாயாகிய சரமை வந்து, குற்றமற்ற என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். விடை இல்லை. அவள் சாபமிட்டுச் செல்கிறாள். முடிவிலே, தருமர் நாட்டையும் முடியையும் துறந்து வடக்கு நோக்கி நடக்கிறார். மனைவியும் தம்பியரும் ஒவ்வொருவராய் வீழ்கின்றனர். கூட வந்த நாயொன்று மாத்திரம் பின்தொடர்கிறது. இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று தருமர் மறுத்துவிடுகிறார். சுவர்க்கத்தின் வாசலிலே நடந்த இந்த வழக்கை வில்லிபுத்தூரார் பாடவில்லை. அவர் பத்துப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டார். பதினெட்டுப் பருவங்களையும் தமிழிலே தந்தவர் பின்னாளில் வந்த நல்லாப்பிள்ளை.

நம் மலையகத்துக்கு இன்னும் நெருங்கிய கதையொன்று உண்டு. தோட்டங்களிலே விடிய விடிய ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தைப் பார்த்திராதவர் நம்மிடையே குறைவு. அண்ணன்மார் கதை என்று கொங்கு நாட்டிலே வழங்கும் அந்த வாய்மொழிக் கதையிலே பொன்னாச்சி என்றொரு சிறிய பெண்நாய் வருகிறது. கொம்பன் என்னும் காட்டுப் பன்றியை வேட்டையாடப் புறப்பட்ட வீரர்கள் பொன்னாச்சியை அழைக்காமலே போய்விடுகின்றனர். சின்னஞ் சிறிய நாய்தானே என்ற எண்ணம். வீரம் எதுவும் அங்கே பலிக்கவில்லை. கடைசியில் பொன்னாச்சி வந்துதான் கொம்பனை மடக்க வேண்டியிருந்தது. புறப்படும் அவசரத்திலே கணக்கில் எடுக்காமல் விடப்பட்ட ஓர் உயிர் என்ற அளவில் நான் அந்தக் கதையை நினைத்துப் பார்ப்பதுண்டு.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையிலே போனவர்களுக்கு நமுனுகுல மலைச்சாரல் தெரிந்திருக்கும். மேலே காடு, நடுவே தேயிலை, தேயிலைக்கிடையே லயங்கள். ஒவ்வொரு லயத்து இஸ்தோப்பிலும் ஒரு நாய் படுத்திருக்கும். பின்புறத்திலே கோழிக்கூடு. சற்றுத் தள்ளி மாட்டுப்பட்டி. ஒரு காம்பராவுக்குள்ளே இரண்டு தலைமுறை படுத்தெழும்பும் வீட்டிலே நாய்க்கென்று தனி இடம் ஏது? அது வாசலிலேதான் கிடக்கும். ஆனால் அந்த வாசலை அது தன்னுடையதாக்கிக் கொண்டிருக்கும். பெற்றோர் இருவரும் கொழுந்துக்குப் போய்விட்ட வீட்டிலே, பாடசாலை விட்டு வரும் பிள்ளையை முதலில் வரவேற்பது அந்த நாய்தான். மாடோ அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்கு. சம்பளப் பணம் கடைக்கடனுக்குப் போய்விடும். பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும் பால் விற்ற காசிலே வரும்.

இந்த லயங்களுக்கு மேலே மழை எப்படிப் பெய்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறியே ஆகவேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள எச்சரிக்கை முறை. இந்த எண்களை மலைநாட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல மனனஞ் செய்யவேண்டும் என்பேன்.

ஏனென்றால் அவை வெறும் எண்களல்ல. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள்ளே போயின. 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த இடம் அது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் சிலர் அதனாலேயே தப்பினர். எஞ்சியோர் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கந்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கியிருந்து, 2016 ஒக்டோபரிலேதான் பூனாகலைப் பகுதியிலே கட்டப்பட்ட 75 புதிய வீடுகளுக்குக் குடிபோயினர். 2023 மார்ச்சிலே அதே பூனாகலைப் பக்கம் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. கண்டி, நுவரெலியாவோடு நம் பதுளை மாவட்டமும் பேரிழப்புக் கண்டது.

இத்தகைய இழப்புகளின் நடுவே நாயையும் மாட்டையும் பற்றிப் பேசலாமா என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி அது. அதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்லியே விடை கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மழைக்காலத்திலே, ஒரு தோட்டத்தின் மேல்லயத்து மக்கள் இரவோடிரவாக ஒரு பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். உதவிக்குச் சென்ற ஆசிரியருள் நானும் ஒருவன். அங்கே ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி ஒருவர் இருந்தார். விடிந்ததும் அவரைக் காணவில்லை. தேடினால், முதல்நாள் மிச்சச் சோற்றை ஒரு சொப்பிங் பையிலே கட்டிக்கொண்டு, நிலம் வெடித்திருக்கும் அதே லயத்துக்கு ஏறிப் போயிருக்கிறார். மறுநாளும் போனார். பொறுப்பாக நின்ற உத்தியோகத்தர் ஒருவர், உனக்கு உயிர் பெரிதா நாய் பெரிதா என்று அவரை ஏசினார். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: “நான் போகாட்டி அது வாசல விட்டு எறங்காதுங்க சார். மண்ணு வந்தாலும் அங்கனயேதான் கெடக்கும். வீட்டப் பாத்துக்கடான்னு நான்தானே சொல்லிட்டு வந்தேன்.”

அன்று மாலை மழை விட்டிருந்த நேரம் பார்த்து, தோட்டத்து இளைஞர் இருவர் போய் அந்த நாயைக் கயிற்றிலே கட்டிக் கூட்டிவந்தனர். சமையற் கொட்டிலின் பின்னாலே ஒரு மரத்தடியில் அதைக் கட்டினர். அதன் பிறகு அந்த அம்மா மேலே ஏறவில்லை. நேயர்களே, அங்கே காப்பாற்றப்பட்டது ஒரு நாய் மட்டும்தானா? தினமும் இருமுறை ஆபத்துக்குள்ளே ஏறி இறங்கிய ஒரு மனித உயிரும் அல்லவா?

இதைத்தான் உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2005 ஓகஸ்ட் 29 இலே அமெரிக்காவின் தென்கரையைக் கத்ரீனா சூறாவளி தாக்கியது. நியூ ஒர்லியன்ஸ் நகரிலே வெள்ளம் புகுந்தது. மக்களை ஏற்றிச் செல்ல வந்த பஸ்களிலும் அடைக்கலம் கொடுத்த முகாம்களிலும் பிராணிகளுக்கு இடமில்லை என்றனர். அதனால் வெளியேறவே மறுத்து வீட்டுக்குள் இருந்தவர்கள் பலர். விட்டுவந்தவர்களின் பிராணிகள் ஆயிரக்கணக்கில் பின்னர் மீட்கப்பட்டபோதும், அவற்றுள் சிறு பகுதியே உரியவரிடம் மீண்டது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் பிடிபட்டது என்ற குறிப்பில்லாமல் தூர மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட பிராணிக்கு யார் உரிமை சொல்வது? மறு ஆண்டு, 2006 இலே, அந்நாட்டிலே ஒரு சட்டம் வந்தது. அனர்த்த காலத்து வெளியேற்றத் திட்டங்களிலே வீட்டுப் பிராணிகளையும் கணக்கிலெடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். பிராணிநேசர்களின் மனத்தைக் குளிர்விக்க மாத்திரம் வந்த சட்டமல்ல அது. பிராணியை ஏற்காவிட்டால் மனிதரும் வரமாட்டார் என்று கண்டதனால் வந்த சட்டம்.

யப்பானிலே 2011 மார்ச் 11 இல் வந்த பூகம்பமும் ஆழிப்பேரலையும் நமக்குத் தெரியும். மூன்று வாரங்கள் கழித்து, கடலிலே மிதந்துகொண்டிருந்த ஒரு கூரையின்மேல் ஒரு நாய் உயிரோடு நிற்பதைக் கரையோரக் காவற்படையினர் கண்டு மீட்டனர். தொலைக்காட்சிச் செய்தியிலே அதைப் பார்த்த பெண்ணொருவர், இது என்னுடைய நாய் என்று ஓடிவந்தார். ஒரு செய்தி ஒலிபரப்பு நாயையும் அதற்குரியவரையும் சேர்த்துவைத்தது. ஆனால் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீற்றர் வட்டத்துக்குள்ளே கட்டிய கயிற்றோடு விடப்பட்ட மாடுகளும் நாய்களும் பட்டினியால் மாண்டன. சில நாட்களிலே திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் மக்கள் போனார்கள். 2013 இலே யப்பான் அரசு வெளியிட்ட வழிகாட்டல், வெளியேறும்போது பிராணியையும் உடன்கொண்டு செல்லுமாறு கூறுகிறது.

அமெரிக்காவும் யப்பானும் செல்வ நாடுகள், நம் லயத்துக்கும் அவற்றுக்கும் என்ன ஒப்பு என்று நீங்கள் எண்ணலாம். ஆகையால் லயத்துக் கதையொன்றையே சொல்கிறேன்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலே, மூணாறுக்கு அப்பால், பெட்டிமுடி என்றொரு தேயிலைக் குடியிருப்பு இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னே மலையேறியவர்களின் வழிவந்தோர். 2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். உடல்கள் பல ஆற்றோடு போயின. தேடுதல் நாட்கணக்கில் நடந்தது. குவி என்ற பெயருடைய நாயொன்று இடிபாடுகளிடையே அலைந்து கொண்டேயிருந்தது. எட்டாம் நாள் அது ஆற்றங்கரையிலே ஓரிடத்தில் நின்று நீரைப் பார்த்துக் குரைத்தது. தேடுவோர் போய்ப் பார்த்தபோது, அதனோடு விளையாடித் திரிந்த இரண்டு வயதுக் குழந்தையின் உடல் அங்கே கிடைத்தது.

பிறகு அந்த நாய் உண்ணாமல் கிடந்தது. பொலிஸ் மோப்பநாய்ப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் மேலதிகாரிகளின் அனுமதி பெற்று அதைத் தம் பிரிவுக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தார். செய்தித்தாள்கள் எல்லாம் அதைப் பாராட்டின. அதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்திலே பாட்டி ஒருவர் எஞ்சியிருந்தார். மறு ஆண்டு, 2021 இலே, குவி அந்தப் பாட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்தக் கடைசிச் செயலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நல்ல உணவும் பயிற்சியும் கிடைத்த இடத்திலிருந்து, எல்லாவற்றையும் இழந்த ஒரு முதியவளிடம் நாய் திரும்பிப் போகிறது. வசதியைப் பார்த்தால் அது சரியான முடிவாகத் தெரியாது. ஆனால் அவளுடைய பேரக்குழந்தையின் பெயரைக் கேட்டால் காதை நிமிர்த்தக்கூடிய உயிர் உலகிலே வேறு எது இருந்தது? மீட்பு என்ற சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டு. ஆபத்திலிருந்து காப்பதும் மீட்பு, அடகுபோன பொருளை உரியவர் கைக்குத் திரும்பக் கொண்டுவருவதும் மீட்பு. முதலாவதைச் செய்தால் போதும் என்று நின்றுவிடுவது அரைவேலை.

இனி, எதிர்வாதத்துக்கும் இடங்கொடுக்க வேண்டும். முகாம் என்பது குழந்தைகளும் நோயாளரும் நெருங்கிக் கிடக்கும் இடம். அங்கே நாய்களை விட்டால் கடிக்காதா, விசர்நாய்க்கடி நோய் வராதா? வரக்கூடும். அதனால்தான் மழைக்கு முன்னே தடுப்பூசி போடவேண்டும் என்கிறேன். நம் நாட்டிலே நாய்களுக்கான இத் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகின்றனர். போட்டதற்குத் தரும் அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடும் அடையாள அட்டையோடும் ஒரே பொலித்தீன் பையிலே வைத்துக்கொண்டால், அது நோய்க்கும் காப்பு, உரிமைக்கும் சான்று. படுக்கும் மண்டபத்துக்குள்ளே நாயை விடச்சொல்லி நான் கேட்கவில்லை. பாடசாலை வளவிலே ஒரு மூலை, ஒரு கூரைத் தகரம், ஒரு கயிறு போதும்.

மாடுகளின் காரியம் இன்னும் எளிது. கொண்டுவர நேரமில்லையென்றால் கயிற்றையாவது அவிழ்த்துவிட்டு வரவேண்டும். கட்டிய மாட்டுக்கு ஓடத் தெரிந்தும் பயனில்லை. கோழிக்கூட்டின் கதவையும் திறந்துவிட வேண்டும். அரை நிமிட வேலை. ஆனால் நடுச்சாமத்திலே, மழைக்குள்ளே, பிள்ளையைத் தோளிலே போட்டுக்கொண்டு ஓடும்போது அது நினைவுக்கு வராது. யார் அவிழ்ப்பது என்பதை முன்பே வீட்டிலே பேசி வைத்திருந்தால்தான் வரும்.

அவிழ்த்துவிட்ட பிராணி பிறகு எப்படி உரியவரிடம் சேரும்? முன்னே சொன்ன அதே பாடசாலை மண்டபத்திலே நாங்கள் ஒரு சிறு வேலை செய்தோம். மாணவர் சிலரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், விட்டுவந்த பிராணிகளின் அடையாளங்களை எழுதிவரச் சொன்னேன். பிள்ளைகள் முதலில் ‘சிவப்பு மாடு ஒன்று’, ‘கறுப்பு மாடு ஒன்று’ என்றுதான் எழுதினர். அப்படிப் பார்த்தால் தோட்டத்திலே பாதி மாடு சிவப்பு. பெரியவர்கள் சொல்லச் சொல்லத்தான் சொற்கள் வந்தன. செவலை, மயிலை, காரி, நெற்றியில் வெள்ளை உள்ளது சுட்டி, கொம்பில்லாதது மோழை, வால் குட்டையானது கூழை. எழுத்தறியாத ஒரு பாட்டி ஒரே மூச்சில் சொன்ன அடையாளங்களைக் கொண்டு, மூன்று நாளின் பின் கீழ்மலையிலே மேய்ந்துகொண்டிருந்த பசுவை இளைஞர்கள் ஒரு பார்வையிலே கண்டுபிடித்தனர். நாய்களுக்கு நிறத்தைவிடப் பெயர் உதவியது. யாருடையதென்று தெரியாமல் வந்து நின்ற ஒரு நாயின் முன்னே ஒரு சிறுமி கொப்பியைப் பார்த்து டைகர், ஜிம்மி, ராமு என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். “மணி” என்றதும் அது வாலை ஆட்டியது. மணியின் வீட்டார் அடுத்த வகுப்பறையிலேதான் இருந்தனர்.

தொல்காப்பியர் மரபியலிலே பிராணிகளின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும்போது, நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிக்கும் குருளை என்ற பெயரைச் சொல்கிறார். பரீட்சைக்காக இதைப் படிப்பித்து நானே சலித்ததுண்டு. உயிர்களுக்கு இப்படி நுணுக்கமாகப் பெயரிட்ட மக்கள் அவற்றைத் தேடவும் தெரிந்தவர்களாகவே இருந்திருப்பார்கள் என்று அந்தக் கொப்பியைப் பார்த்தபின் எனக்குத் தோன்றியது. அந்தச் சொற்களை மறந்துவிட்டால் மண்ணுக்குள் போனதைத் தேட அடையாளமும் இல்லாமற் போகும்.

நம் நாட்டிலே பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005 இல் வந்தது. இரண்டும் இருக்கின்றன. கிராம உத்தியோகத்தரும் தோட்டத் தலைவரும் பாடசாலை அதிபரும் மழைக்கு முன்னே கூடிப்பேசும் கூட்டத்திலே, குடும்பங்களின் பட்டியலோடு பிராணிகளின் பட்டியலையும் வைத்துக்கொள்ள யாரும் தடைசொல்லப் போவதில்லை. ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும்தான் செலவு. கைத்தொலைபேசி உள்ள வீடுகளில் பிராணியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அப் படத்திலே வீட்டார் ஒருவரும் சேர்ந்து நின்றால் உரிமைக்கு வழக்கே வராது.

தருமர் தேரிலே ஏற மறுத்தபோது அந்த நாய் அறக்கடவுளாய் உருமாறியதாக இதிகாசம் சொல்கிறது. நம் லயத்து நாய்கள் எதுவாகவும் உருமாறப் போவதில்லை. அவை நாய்களாகவே இருக்கும். நாம் வீட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போன வாசலிலே, நாம் வரும்வரை காத்திருக்கும். அடுத்த மழைக்கு முன்னே ஸ்பிரிங்வெளியிலும் பூனாகலையிலும் பசறையிலும் உள்ள என் மாணவச் செல்வங்கள் ஆளுக்கொரு பக்கத்தை எடுத்து, தங்கள் வீட்டு மணியின் நிறத்தையும் மாட்டின் சுட்டியையும் எழுதி வைப்பார்களானால், இந்த உரையின் பயன் கைகூடிற்று என்று மகிழ்வேன்.